போர் தண்ணி, 15 லிட்டர் கீசர்: வால்வு சொட்டுது, கடகடன்னு சத்தம். சர்வீஸ்ல என்னென்ன பாக்கணும்?

மூணாம்மாடி

வணக்கம். சுவத்துல நெட்டுக்குத்தா மாட்டுற 15 லிட்டர் கீசர், 2000 வாட், உள்ள கிளாஸ்லைன் (கண்ணாடிப் பூச்சு பூசின இரும்பு) டேங்க். மாட்டி மூணு வருஷம் ஆகுது, ஒரு தடவைகூட திறந்ததில்ல. மேடவாக்கம், முழுக்க போர் தண்ணி, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு அளவு) மீட்டர்ல 1150 காட்டுது. பிரஷர் பம்ப் கிடையாது, மொட்டை மாடி டேங்க்ல இருந்து நேரா வர்ற தண்ணி.

இப்ப மூணு பிரச்சினை. சுவிட்ச் போட்டு அஞ்சு நிமிஷத்துல கடலை வறுக்குற மாதிரி சத்தம். முன்னாடி ரெண்டு பேர் குளிக்கப் போதுமா இருந்த வெந்நீர் இப்ப ஒருத்தருக்கே சரியா வரல. தண்ணி உள்ள போற இடத்துல சின்ன கைப்பிடியோட ஒரு வால்வு இருக்கே, அது கீசர் ஓடும்போது சொட்டுது. பாக்க வந்த பிளம்பர், "வால்வைக் கழட்டிட்டு டம்மி போட்டுடலாம், உள்ள ஆசிட் ஊத்திக் கழுவிடலாம்"ங்கிறார். ரெண்டும் சரியா? வழக்கமா எதை எதை, எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை பாக்கணும்? நாமளே எது வரைக்கும் கை வைக்கலாம்?

ஸ்பேனர்10

முதல்ல வால்வு. அதுக்கு டம்மி போட விட்டுடாதீங்க.

அந்த ஒரே துண்டுக்குள்ள ரெண்டு வேலை நடக்குது. தண்ணிய உள்ள விடும், திரும்பி வெளிய விடாது. உள்ள அழுத்தம் அளவு மீறினா திறந்து கக்கும். அந்த அளவு வால்வு மேலயே பொறிச்சிருக்கும், பெரும்பாலும் 8 பார். 15 லிட்டர் தண்ணிய 25 டிகிரியில இருந்து 65க்குக் கொண்டுபோனா ஏறக்குறைய கால் லிட்டர் பெருகும். பின்னாடி பைப்புக்குப் போக வழியில்ல, முன்னாடி குழாய் மூடியிருக்கு. அப்ப வால்வு வழியா சொட்டித்தான் ஆகணும். ஒரு தடவை முழுசா சூடாகும்போது ஒண்ணு ரெண்டு டம்ளர் சொட்டுனா அது பழுதே இல்ல. "பழைய கீசர்ல சொட்டலையே"ன்னு கேப்பாங்க. அதுல இந்த ஒருவழி அடைப்பு இருந்திருக்காது, பெருகின தண்ணி சத்தமில்லாம மாடி டேங்குக்கே திரும்பிப் போயிருக்கும்.

தெர்மோஸ்டாட் (வச்ச சூடு வந்ததும் அணைக்கிறது) ஒட்டிக்கிட்டு, கட்-அவுட்டும் (சூடு அளவு மீறினா கரண்டைத் துண்டிக்கிறது) வேலை செய்யாமப் போனா கடைசிக் காவல் இந்த வால்வுதான். டம்மி போட்டா டேங்க் அழுத்தத்துல இருக்கிற தண்ணி 100 டிகிரியத் தாண்டும். டேங்க் எங்க கிழிஞ்சாலும் அந்தத் தண்ணியில ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகும். அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல.

கீசரை அணைச்சு, தண்ணி ஆறின பிறகு பாருங்க. ராத்திரி முழுக்க சொட்டுதா? அப்படின்னாதான் பழுது. 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார்தான் கணக்கு, மூணாவது மாடிக்கு மொட்டை மாடி டேங்க்ல இருந்து அதுகூட வராது. அதனால உங்களுக்கு அழுத்தம் காரணமா இருக்காது, வால்வோட உக்காருற இடத்துல உப்பு மாட்டியிருக்கும். கைப்பிடிய மூணு நாலு தடவை தூக்கித் தூக்கி விடுங்க, வர்ற வேகத்துல கல் அடிச்சிட்டுப் போயிடும். அப்பவும் நிக்கலன்னா வால்வை மாத்துங்க. அதே பார் அளவு, அரை இஞ்ச் மரை. மேல இருக்கிற அம்புக்குறி கீசர் பக்கம் பாக்கணும். டெப்லான் டேப்பை முறுக்குற திசையிலயே 10, 12 சுத்து. வால்வுக்கும் கீசருக்கும் நடுவுல எந்த காக்கும் இருக்கக் கூடாது. சொட்டுற மூக்குல ஒரு சின்ன டியூப் மாட்டி வாட்டமா இறக்கித் தரை ஜாலி பக்கம் விட்டுடுங்க, ஆனா டியூப் முனை திறந்தே இருக்கணும்.

சொட்டவே சொட்டாத வால்வைப் பாத்துதான் எனக்கு பயம். மாசம் ஒரு தடவை கைப்பிடியத் தூக்கிப் பாக்கணும். அசையலன்னா உப்பு இறுக்கிடுச்சு, மாத்திடணும்.

இனி தண்ணிய இறக்குறது. எம்சிபிய இறக்கி, பிளக்கையும் உருவிடுங்க. சுவிட்ச் மட்டும் அணைச்சா போதாது. தண்ணி ஆறட்டும். கீசருக்குப் போற ஆங்கிள் காக்கை மூடி, வெந்நீர்க் குழாயத் திறந்து விடுங்க, காத்து உள்ள போக அதுதான் வழி. பலர் தடுமாறுற இடம் இதுக்கு அப்புறம்தான்: கீழ இருக்கிற ஹோஸைக் கழட்டினா தண்ணி வராது. வால்வுக்குள்ள இருக்கிற ஒருவழி அடைப்பு பிடிச்சுக்கும். "டேங்க் காலியாயிடுச்சு"ன்னு நினைச்சு பிளாஞ்சைக் (டேங்க் அடிவாயை மூடுற தட்டு) கழட்டினா 15 லிட்டரும் தலையில கொட்டும். கைப்பிடியத் தூக்கிப் பிடிச்சே இறக்கணும், இல்ல பக்கெட்டை வச்சுட்டு வால்வையே கழட்டணும். ஒரு பக்கெட்டுக்கு மேல வந்தா சரி. பாதியிலயே நின்னா உள்வாய் உப்புல அடைஞ்சிருக்கு, ஒரு பிளாஸ்டிக் குச்சியால குத்தி விடுங்க.

கீழ் மூடியக் கழட்டினா நடுவுல பிளாஞ்ச், சுத்தி அஞ்சு ஆறு நட்டு. பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர். ஒயர் எது எங்க இருந்ததுன்னு முதல்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. தெர்மோஸ்டாட்டோட மெல்லிசான செப்புக் குழாய் பிளாஞ்சுக்குள்ள சொருகியிருந்தா மடங்காம உருவணும், மடங்கினா தெர்மோஸ்டாட் போச்சு. பிளாஞ்சோட, தண்ணியச் சூடாக்குற காயிலும் ஆனோட் ராடும் (டேங்க் துருப்பிடிக்காம இருக்க தான் கரையுற கம்பி) சேந்து வரும். வரலன்னா இழுக்காதீங்க, காயிலைச் சுத்தி உப்பு தடிச்சிருக்கும். இப்படி அப்படித் திருப்பி உதிர விட்டுத்தான் எடுக்கணும்.

டேங்க் அடியில கிடக்கிற சேறைக் கையுறை போட்டு அள்ளுங்க. கரண்டி வேணும்னா பிளாஸ்டிக். கிளாஸ்லைன் டேங்க்ல இரும்பை விட்டுச் சுரண்டினா பூச்சு தெறிக்கும், அந்த இடத்துல துரு பிடிக்க ஆரம்பிச்சா டேங்குக்கு மருந்து கிடையாது.

திறக்குறதுக்கு முன்னாடி வாரண்டி அட்டையப் பாருங்க. டேங்குக்கு அஞ்சு, ஏழு வருஷம்னு போட்டிருப்பாங்க, வெளியாள் திறந்தா அது போகும்னும் சின்ன எழுத்துல இருக்கலாம். அப்படி இருந்தா கம்பெனி ஆளையே கூப்பிடுங்க, ஆனா பக்கத்துலயே நின்னு ஆனோடைக் காட்டச் சொல்லிப் பாருங்க.

கோவைக்காரன்

பிளம்பர் சொன்ன ஆசிட்டுக்கு ஏன் பயப்படணும்? பாத்ரூம் ஆசிட் கால் லிட்டர் தண்ணியில கலந்து உள்ள ஊத்தினா பத்து நிமிஷத்துல நுரை கக்கிட்டு எல்லா உப்பும் வந்துடும். பிளாஞ்ச் கழட்டவே வேண்டாம்.

உப்புத்தண்ணி

உப்பு வரும், கூடவே கீசரும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சுண்ணாம்புப் படிவத்தோடு நிற்காது. ஸ்டெயின்லெஸ் டேங்க் என்றால் அதிலுள்ள குளோரைடு வெல்டு ஓரங்களில் ஊசிக்குத்துப் போலத் துளைக்கும். செப்புக் காயில் என்றால் மேலே பூசிய நிக்கலைத் தின்னும். கிளாஸ்லைன் பூச்சு தாங்கினாலும், அதில் எங்கேனும் சிறு விரிசல் இருந்தால் அடியிலுள்ள இரும்பு நேராக மாட்டிக்கொள்ளும். ஆனோட் மக்னீசியம். அமிலம் பட்டால் கொதித்து ஹைட்ரஜன் வாயுவை விடும். மூடிய டேங்குக்குள் இதை நடத்துவது நல்ல யோசனை இல்லை. அதே பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரும் புழங்கினால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும்.

சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, போதும். 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 400 முதல் 500 கிராம். முதலில் ஆனோடைக் கழற்றித் தனியே வையுங்கள். பிளாஞ்சைக் குறுக்குக் கட்டையில் தொங்கவிட்டு, காயில் மட்டும் முழுகும்படி இறக்குங்கள். மின்முனைகளும் ரப்பரும் நனையக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் படிவு பொலபொலவென்று உதிரத் தொடங்கும். 100 கிராம் சுண்ணாம்பைக் கரைக்க ஏறக்குறைய 128 கிராம் சிட்ரிக் அமிலம் செலவாகும். ஆக, கையளவு தடித்த படிவுக்கு இரண்டு ஸ்பூன் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்லக் கூடாது. குமிழி நின்ற பிறகும் படிவு மிச்சமிருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள், புதுக் கரைசல் போடுங்கள். பெரிய பொருக்குகளை முதலிலேயே மரக்குச்சியால் தட்டி எடுத்துவிட்டால் பாதி அமிலம் மிச்சம். முடிந்ததும் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். காயிலின் உறையில் உப்பலோ வெடிப்போ தெரிந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம், தினமும் கீசர் வழியாகப் போவது 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 30 கிராம் சுண்ணாம்பு உள்ளே நுழைகிறது. பத்தில் ஒரு பங்கு தங்கினாலே வருஷத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். மூன்று வருஷம் திறக்காத கீசரில் வெந்நீர் குறைவதில் அதிசயம் இல்லை, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் கல் நிற்கிறது.

டிடிஎஸ் 1150 என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அந்த மீட்டர் சாப்பாட்டு உப்பையும் சுண்ணாம்பையும் ஒன்றாகவே எண்ணும். நீங்கள் கேட்க வேண்டியது மொத்தக் கடினத்தன்மை. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம் 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாதபோது 600 வரை என்கிறது. சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி கடைகளில் கிடைக்கும், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் கட்டணம் வாங்கிப் பார்த்துத் தருகிறார்கள்.

சத்தத்துக்கும் இதுதான் காரணம். படிவத்துக்கு அடியில் மாட்டிய தண்ணீர் காயிலின் சூட்டில் ஆவியாகி வெடித்து வெளியே வந்ததும் மறுபடி தண்ணீராகிச் சுருங்குகிறது. நீங்கள் சொன்ன கடலை வறுக்கும் சத்தம் அதுதான்.

பரவலாக நம்பப்படும் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். "உப்புப் படிந்தால் கரண்ட் பில் இரண்டு மடங்கு" என்பார்கள். மின் காயிலில் அப்படி இல்லை. அது தண்ணீருக்குள்ளேயே முழுகியிருக்கிறது, அதன் சூடு தண்ணீரைத் தவிர வேறெங்கும் போக வழியில்லை. கெடுவது காயில்தான். சூடு வெளியேறத் தாமதமாவதால் உறை அளவுக்கு மீறிக் காய்ந்து வெடிக்கிறது.

நீல ஒயர்

மேல சொன்னது பைப் பக்கம். கரண்ட் பக்கம் நான்.

மூடியக் கழட்டினதும் டெஸ்டரால தொட்டுப் பாத்து சப்ளை இல்லன்னு உறுதி பண்ணிட்டு ஆரம்பிங்க. முதல்ல கண்ணால பாருங்க. காயில் முனையில லக் (ஒயர் நுனியில மாட்டுற உலோகக் கவ்வி) கறுத்திருக்கா, ஒயர் தோல் உருகியிருக்கா, பிளக் டாப்போட பின் பழுப்பேறியிருக்கா. 2000 வாட்டுக்கு 8.7 ஆம்பியர் தொடர்ந்து ஓடும். லூஸ் கனெக்‌ஷன் இருந்தா அங்கதான் முதல்ல எரியும். கறுத்த லக்கை இறுக்கிப் பிரயோஜனமில்ல, வெட்டிட்டுப் புதுசு போடணும். சாக்கெட் 16 ஆம்பியர், ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல கீசரைச் சொருகுறவங்களை என்ன சொல்றது.

காயிலோட ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு மல்டிமீட்டர் வைங்க. 2000 வாட்டுக்கு 26 ஓம் பக்கம் வரணும். எல்லை இல்லாமக் காட்டினா காயில் அறுந்துடுச்சு. அடுத்து ஒரு முனையில இருந்து பிளாஞ்சோட உலோகத்துக்கு: எதுவும் காட்டக் கூடாது. ஏதோ ஒரு அளவு காட்டினா உறையில விரிசல், தண்ணிக்குள்ள கரண்ட் கசியுது. ஆனா மல்டிமீட்டர் "நல்லா இருக்கு"ன்னு சொன்னா அப்படியே நம்பிடாதீங்க. அது சின்ன பேட்டரியில அளக்குது, முடிக்கசிவு 230 வோல்ட்லதான் தெரியும். எலக்ட்ரீசியன்கிட்ட 500 வோல்ட் மெகர் (கசிவு பாக்குற மீட்டர்) இருந்தா அதுல ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, 1 மெகா ஓமுக்குக் கீழ வந்தா காயிலை மாத்திடுங்க.

பிளக்கோட பெரிய பின்னுல இருந்து பிளாஞ்ச் போல்ட்டுக்கு எர்த் தொடர்பு பாருங்க. 1 ஓமுக்குள்ள இருக்கணும். இது கீசர் பக்கம் மட்டும்தான். சுவத்து சாக்கெட்ல எர்த் உண்மையிலேயே இருக்கான்னு தனியாப் பாக்கணும், மூணு ஓட்டை இருக்கிறதால எர்த் இருக்குன்னு அர்த்தமில்ல.

போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிற சுவிட்ச்) இருக்கா? எம்சிபி வேற, ஆர்சிசிபி வேற. எம்சிபி ஒயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. ஆர்சிசிபியில டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அழுத்திப் பாருங்க. கீசர் போட்டதும் ஆர்சிசிபி இறங்குதுன்னா, அதை விலக்கிட்டு நேரா கனெக்‌ஷன் குடுக்கிற ஆள் வீட்டுக்குள்ள வரக் கூடாது. ஆர்சிசிபி இல்லாத வீடா இருந்தா, அது வர்ற வரைக்கும் சுவிட்சை அணைச்சுட்டுக் குளிங்க.

கட்-அவுட்ல ஒரு சின்ன பட்டன் இருக்கும். தண்ணி அளவு மீறிக் கொதிச்சா அது விழும். ஆறின பிறகு ஒரு தடவை அழுத்தி விடலாம். மறுபடி விழுந்தா தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு. அழுத்திக்கிட்டே இருக்காம மாத்துங்க, ரெண்டையும் சேத்தே.

வெந்நீர் குறையுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. தெர்மோஸ்டாட் குழாய் காயிலை ஒட்டியே இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல உப்பு பாலம் கட்டிட்டா, தண்ணி முழுக்கச் சூடாகுறதுக்கு முன்னாடியே தெர்மோஸ்டாட் சூடாகி அணைச்சிடும். லைட் சீக்கிரம் அணையுது, தண்ணி வெதுவெதுன்னு இருக்குன்னா இதுதான். கணக்குப்படி 15 லிட்டர் 25ல இருந்து 60 டிகிரி போக 18, 20 நிமிஷம் ஆகணும். ஒரு தடவை கடிகாரம் வச்சுப் பாருங்க. எட்டு பத்து நிமிஷத்துல அணைஞ்சா உப்பு. மாறா அரை மணியாகியும் அணையலன்னா வோல்டேஜைப் பாருங்க, 200 வோல்ட்ல 2000 வாட் காயில் 1500 வாட்தான் குடுக்கும்.

மூணாம்மாடி

எல்லாருக்கும் நன்றி. திறந்தாச்சு. காயில் முழுக்க வெள்ளையா, விரல் தடிமனுக்கு. காயில் 27 ஓம், பாடிக்கு எதுவும் காட்டல. சிட்ரிக்ல ஊறுது.

ஆனோட் இருந்த இடத்துல ஒரு மெல்லிசான இரும்புக் கம்பி மட்டும் நிக்குது. இது மாத்தியே ஆகணுமா? நீளம், தடிமன் எப்படிப் பாத்து வாங்குறது? அப்புறம், ஊருக்குப் போயிட்டு வந்து திறந்தா வெந்நீர்ல மட்டும் அழுகின முட்டை நாத்தம் வரும். அதுவும் இதுனாலயா? பிளாஞ்ச் ரப்பரை அப்படியே திருப்பிப் போடலாமா?

ஸ்பேனர்10

அந்தக் கம்பி ஆனோடோட நடு எலும்பு. அதைச் சுத்தி விரல் தடிமன்ல மக்னீசியம் இருந்திருக்கும், எல்லாம் கரைஞ்சுடுச்சு. டேங்க் இரும்புக்குப் பதிலா தான் கரையுறதுதான் அதோட வேலை. அது தீந்த நாள்ல இருந்து கிளாஸ்லைன் பூச்சுல இருக்கிற ஒவ்வொரு ஊசி ஓட்டையும் துருப்பிடிக்க ஆரம்பிச்சிருக்கும். கட்டாயம் மாத்துங்க. சர்வீஸ்னு வர்றவங்க பலர் காயிலைக் கழுவிட்டு இதைத் தொடாமப் போயிடுவாங்க.

வாங்கப் போகும்போது பழைய கம்பிய எடுத்துட்டுப் போங்க. மரை அளவுதான் முக்கியம், எம்5, எம்6, எம்8னு வரும். நீளம் பழசை விடக் கொஞ்சம் குறைஞ்சா பரவால்ல, கூடினா டேங்க் சுவத்துலயோ காயில்லயோ இடிக்கும். மாட்டுற இடத்தை உலோகம் தெரியுற வரைக்கும் உப்புக் காகிதத்தால தேச்சுட்டு முறுக்குங்க, டெப்லான் சுத்தாதீங்க. உலோகமும் உலோகமும் தொட்டாத்தான் அது வேலை செய்யும். உங்க தண்ணிக்கு வருஷம் ஒரு தடவை பாருங்க. பாதிக்கு மேல கரைஞ்சிருந்தா மாத்திடுங்க, கம்பி தெரியுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஸ்டெயின்லெஸ், செப்பு டேங்க் சிலதுல ஆனோடே இருக்காது, அது வேற கதை.

பழைய கேஸ்கட்டைத் திருப்பிப் போடாதீங்க. மூணு வருஷம் சூட்டுல அழுங்கின ரப்பர் மறுபடி அதே இடத்துல உக்காராது. புதுசு வாங்குங்க, எம்-சீல் கிம்-சீல் எல்லாம் வேண்டாம். நட்டை எதிர் எதிரா, சக்கரத்துக்கு முறுக்குற மாதிரி, மூணு சுத்துல கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஒரு பக்கமே முறுக்கினா மறுபக்கம் கசியும்.

கடைசியா ஒண்ணு, அவசரத்துல பலர் காயிலை எரிக்கிற இடம். ஆங்கிள் காக்கைத் திறந்து, வெந்நீர்க் குழாயில காத்து புஸ்புஸ்னு வந்து அடங்கி, தண்ணி சீரா விழுற வரைக்கும் பிளக்கைச் சொருகவே கூடாது. காலி டேங்க்ல காயில் ஒண்ணு ரெண்டு நிமிஷம்கூடத் தாங்காது. நிரப்பி அரை மணி நேரம் விட்டு பிளாஞ்சைச் சுத்தி டிஷ்யூ பேப்பரால தொட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா சுவிட்ச் போடுங்க. முதல் சூட்டுக்கு அப்புறம் ஆற விட்டு, பிளக்கை உருவிட்டு நட்டை ஒரு கால் சுத்து பாருங்க, ரப்பர் இளகி இடம் குடுத்திருக்கும்.

உப்புத்தண்ணி

முட்டை நாற்றம்: தண்ணீரில் சல்பேட் இருந்து, அதைத் தின்னும் பாக்டீரியாவும் இருந்தால், மக்னீசியம் கரையும்போது வெளியாகும் ஹைட்ரஜனைக் கொண்டு அவை ஹைட்ரஜன் சல்பைடு தயாரிக்கின்றன. கீசர் நாட்கணக்கில் சும்மா கிடக்கும்போது அதற்கு நல்ல நேரம். பச்சைத் தண்ணீர்க் குழாயிலும் அதே நாற்றம் வந்தால் கோளாறு போரில், வெந்நீரில் மட்டும் வந்தால் கீசரில். திரும்பி வந்ததும் டேங்கை ஒருமுறை காலி செய்து, நிரப்பி, 60 டிகிரிக்கு மேல் ஏற்றி அரை மணி வைத்து வடித்துவிடுங்கள். புது மக்னீசியம் போட்ட பிறகும் விடாமல் வந்தால் அலுமினியம்-துத்தநாகக் கலப்பு ஆனோட் கேட்டு மாற்றுங்கள்.

தெர்மோஸ்டாட் குமிழ் இருந்தால் 60க்கு வைக்கலாம். 75க்கு ஏற்றினால் படிவு வேகமாகச் சேரும், 45க்கு இறக்கினால் கிருமி வளர வசதி. கீசருக்கு முன்னால் மாட்டும் பாலிபாஸ்பேட் உருண்டை வடிகட்டி படிவைத் தாமதப்படுத்தும், ஆனால் தண்ணீர் மிகச் சூடானால் அதன் பலன் குறையும், உருண்டை கரைந்ததும் நிரப்ப வேண்டும். பைப்பில் காந்தம் மாட்டச் சொன்னால் அந்தப் பணத்தில் இரண்டு ஆனோட் வாங்கிவிடுங்கள்.

மூணாம்மாடி

புது ஆனோட் எம்6, புது கேஸ்கட், வால்வும் மாத்தியாச்சு. டேங்க் அடியில இருந்து ரெண்டரை மக்கு சேறு வந்துது. சத்தம் இல்ல, 19 நிமிஷத்துல லைட் அணையுது. ஆர்சிசிபி மட்டும் போர்டுல இல்ல, எலக்ட்ரீசியன் சனிக்கிழமை வர்றார். வால்வு ஒரு தடவை சூடாகும்போது ஒரு டம்ளர் சொட்டுது, டியூப் போட்டு விட்டுட்டேன்.

நீல ஒயர்

ஆர்சிசிபி போடும்போது நியூட்ரலையும் அதுக்குள்ள விடணும், சில பேர் ஃபேஸை மட்டும் விட்டுட்டு நியூட்ரலைப் பொது பட்டையில கட்டிடுவாங்க, அப்புறம் சுவிட்ச் போட்டதும் விழுதுன்னு ஆர்சிசிபிமேல பழி போடுவாங்க. முடிஞ்சதும் உங்க கண்ணு முன்னாடி டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்க.